லைன் கிளியர் பெஞ்சு

கருவேலங்குழி சப்ஸ்டேஷனில், கம்பத்தில் ஏறி வேலை பார்க்க லைன் கிளியர் கொடுத்தால், மின்சாரம் கம்பியை விட்டு இறங்கி உள்ளே வந்து பெஞ்சில் உட்காரும். கம்பத்தில் ஏறியவர் வேலையை முடித்து இறங்கும்வரை அங்கேயே இருக்கும். ஆபரேட்டர் பொற்கொடி பதினோரு வருடமாக அந்தப் பெஞ்சின்மேல் ரப்பர் பாய் விரித்து வைத்திருக்கிறாள். மரியாதைக்காக அல்ல. என்ன இருந்தாலும் மின்சாரம் மின்சாரம்தானே.

நடைமுறை எளிது. சுவிட்சை இழுத்த பிறகு மின்சாரம் வந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். நோட்டில் எழுத வேண்டும். அப்புறம்தான் லைன்மேனை ஏறச் சொல்ல வேண்டும். லைன் கிளியர் வாங்கியவரே நேரில் வந்து கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். கூடப் பிறந்த அண்ணன் வந்தாலும் செல்லாது, அதிகாரியே வந்தாலும் செல்லாது. இந்த விஷயத்தில் பொற்கொடி யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆள் கம்பத்தில் இருக்கும்போது அவள் டீயைக்கூடத் தொடமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை லைன்மேன் தவசி, ஓடைமேட்டு லைனில் கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்திருந்ததை மாற்ற லைன் கிளியர் வாங்கிப் போனான். பெரியவர் இறங்கி வந்தார். மின்சாரத்தை அந்த வட்டாரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எங்கோ தொலைவிலிருந்து வருகிறவர். உள்ளூரில் யார் முகமும் தெரியாது, அதனால் யாரிடமும் பாரபட்சமும் கிடையாது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொற்கொடி எழுதினாள். தவசி ஏறினான்.

கால்மணி நேரம் கழித்துப் பெரியவர் பெஞ்சில் தன் பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"சின்னவன் இன்னும் வரலையா?"

பொற்கொடி நோட்டைத் திரும்பப் பார்த்தாள். ஓடைமேட்டில் போன மாதம் வெயில் பலகைகளும் ஒரு பேட்டரி வீடும் வைத்தார்கள். நாற்பது வீட்டுக்கு அங்கேயே மின்சாரம் பிறந்தது. அதுதான் சின்னவன். பெரியவர் இல்லாத நேரத்தில் ஊரைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஊரில் எல்லோரையும் அவனுக்குப் பெயர் சொல்லித் தெரியும். பெஞ்சு ஒன்று இருப்பதை மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நோட்டில் மின்சாரத்துக்கு ஒரு கட்டம்தான் உண்டு. அதில் ஒரு பெயரை எழுதிவிட்டுப் பொற்கொடி நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

தவசிக்குப் போன் போட்டாள். கம்பத்தடியில் நின்ற வண்டியின் பையில் அது அடித்து ஓய்ந்தது.

"நீங்க போய் அவனைக் கூட்டிட்டு வர முடியுமா?"

"நான் எந்திரிச்சா போற இடம் அந்தக் கம்பிதாம்மா," என்றார் பெரியவர்.

அது நியாயம்தான். அவள் பேட்டரி வீட்டைக் காவல் காக்கும் பேச்சிக்குப் போன் போட்டாள்.

"சின்னவன் எங்கக்கா?"

"இப்பதான் வெளிய போனான். பெரிய லைன் காலியாக் கெடக்கு, என்னான்னு பாத்துட்டு வாரேன்னான்."

"தவசி மேல இருக்கான்க்கா. திரும்பக் கூப்பிடுங்க. நேரா இங்க வரச் சொல்லுங்க."

பேச்சி வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாள். போனில் அந்தக் குரல் கேட்டது. சாப்பிடக் கூப்பிடுவதுபோல நிதானமாகத்தான் கூப்பிட்டாள். பொற்கொடி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தவசிக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் கையால் இனி எதையும் எழுதக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சின்னவன் உள்ளே வந்து பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தான். கால் தரையைத் தொடவில்லை. பொற்கொடி கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், அவன் பெயரையும் எழுதினாள்.

மத்தியானம் தவசி வந்து கையெழுத்துப் போட்டான். வலது கையால் போட்டான், அவன் இடதுகைக்காரன்.

"கை மரத்துப்போச்சுக்கா. வேற ஒண்ணுமில்ல."

"தெரியாமத் தொட்டுட்டேன்," என்றான் சின்னவன். "அப்பதான் பேச்சி கூப்பிட்டாங்க. அவசரத்துல நான் கொஞ்சம் அவர் கையிலேயே தங்கிட்டேன்."

"எடுத்துரலாம்," என்றார் பெரியவர். "சின்ன வேலைதான். ஆனா லைன் கிளியர் வேணும்."

பொற்கொடி புதுப் பக்கத்தைத் திருப்பினாள். லைன் என்ற இடத்தில் தவசி என்று எழுதினாள். வேலை செய்பவர் என்ற இடத்தில் சின்னவன் கையெழுத்துப் போட்டான். தவசி செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் பாயில் உட்கார்ந்தான். காலையில் செய்த தவறை அவள் மறுபடி செய்வதாக இல்லை.

"உன்னை அணைச்சதுக்கப்புறம் வேற எந்தப் பக்கத்துலயிருந்தாவது உனக்கு உயிர் வருமா?"

தவசி யோசித்தான். "சொர்ணம் நினைச்சா வரும்க்கா. எங்க இருந்தாலும் தெரிஞ்சிரும்."

சொர்ணம் அவன் மனைவி. போனில் விஷயத்தைச் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு, நாலு மணிக்குள் முடிந்துவிடுமா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாள். நினைக்காமல் இருக்கத் தன்னால் ஆகாது என்பதை அவளே ஒத்துக்கொண்டாள். அவன் பக்கத்தில், அவன்மேல் படாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் அவள் விளக்குப்போல அணைந்தாள். பிறகு தவசி அணைந்தான். பொற்கொடி இருவர் கழுத்திலும், வழக்கமாகச் சுவிட்சில் தொங்கும் சிவப்பு எச்சரிக்கைப் பலகையை மாட்டினாள். கண்ணால் பார்த்தாள். எழுதினாள்.

சின்னவன் தவசியின் கைக்குப் பக்கத்தில் போய் நின்றான். தொடவில்லை.

"இன்னும் கொஞ்சம் வந்துட்டிருக்கு," என்றான்.

"எங்கேயிருந்து?"

ஊரில் எல்லோரையும் தெரிந்தவன் பொற்கொடியையே பார்த்தான்.

மேசைமேல் காலையில் வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. பொற்கொடி பேனாவை எடுத்து, சொர்ணத்தின் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினாள். நோட்டைப் பெரியவரிடம் கொடுத்தாள்.

"வாங்கினவனேதான் திருப்பித் தரணும்," என்றாள். "வேற யாரு வந்து கேட்டாலும் எங்க சுவிட்சைப் போட்டுராதீங்க."

பெரியவர் இந்த முறை எழுந்தும் கம்பிக்குப் போகவில்லை; அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். சொர்ணத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. பொற்கொடி செருப்பைக் கழற்றினாள்.