ஆபீஸ்டெல் அறைக்கு ஒரு முகவரி

பகலில் தாவோனின் அம்மாவால் கைபேசியைத் தொட முடியாது. டேஜோன் நகரச் சந்தைக்குள், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பஞ்சான் வகைகள் விற்கும் கடை வைத்திருப்பவளுக்குக் காலையிலிருந்து மாலைவரை கையில் ஒன்று எள்ளெண்ணெய் இருக்கும், இல்லையென்றால் மிளகாய் விழுது இருக்கும். அதனால் வாடகை அறைக்கான செயலியை மகளின் கைபேசியிலும் ஏற்றிவைத்திருந்தாள். குளிர்கால விடுமுறையில் அறை கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் எழுதுவது தாவோனின் வேலை.

அறை என்பது அதே நகரின் தூன்சான் பகுதியில், ஆபீஸ்டெல் என்கிற அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாவது மாடியில் இருந்தது. காகிதத்தில் அது அலுவலகம். உள்ளே கட்டில், சலவை இயந்திரம், இரண்டு வாணலி, ஆறு துண்டு. அம்மா வேலைபார்த்த நூல் தொழிற்சாலையை மூடியபோது கையில் வந்த பணத்தில் வாங்கியது. பெட்டியோடு வந்து ஒரு மாதம், இரண்டு மாதம், மிஞ்சினால் நான்கு மாதம் இருந்துவிட்டுப் பெட்டியோடு போகிறவர்களுக்குத்தான் விடுவாள். மருத்துவமனைக்கு மாற்றலில் வருகிற டாக்டர்கள், சொந்த வீட்டில் தரை மாற்றிக்கொண்டிருக்கிற தம்பதிகள், இயந்திரம் பொருத்த வருகிற பொறியாளர்கள். கேள்விகளும் மாறுவதில்லை. கார் நிறுத்தலாமா, நாய் வளர்க்கலாமா, கட்டில் எத்தனை அகலம். தாவோன் படுத்தபடியே பதில் அடித்துவிடுவாள்.

ஓ சேஜின் என்ற பெண் வேறொன்று கேட்டாள். 'அங்கே முகவரிப் பதிவு பண்ணிக்கலாமா?'

தாவோன் யோசிக்கவில்லை. மனிதர் இருக்கிற இடத்தில் பெயரைப் பதியாமல் வேறெங்கே பதிவது? 'தாராளமா பண்ணலாம்' என்று எழுதி, கீழே தலையாட்டுகிற கரடிப் படம் ஒன்றையும் போட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அந்தப் பெண் பணம் கட்டி அறையை உறுதிசெய்துவிட்டாள்.

"ஜனவரியில ரெண்டு மாசத்துக்கு ஆள் பிடிச்சுட்டியே. மேனேஜரம்மா, சம்பளம் எவ்வளவு வேணும்?" என்றாள் அம்மா. அன்று இரவுச் சாப்பாட்டில் தாவோனுக்குப் பன்றி வயிற்றிறைச்சி கிடைத்தது.

நான்கு நாள் கழித்து, கடையில் கீரை அலசிக்கொண்டே அம்மா தோளுக்கும் காதுக்கும் நடுவில் கைபேசியை இடுக்கி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க, மார்ச்சுலதான் காலி. ஆனா முதல்லயே சொல்லிடறேன், முகவரிப் பதிவு மட்டும் கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டா மேல பேசுவோம்."

 அம்மா பேசி முடிக்கும்வரை காத்திருந்து, தாவோன் ஏதோ பொழுதுபோகாமல் கேட்பவள்போலக் கேட்டாள்.

"பதிவு பண்ணினா என்னம்மா ஆகும்?"

"என்ன ஆகும்? ரூமை வித்துட்டு நீயும் நானும் கிம்ச்சி ஜாடிக்குள்ள குடித்தனம் பண்ணணும்."

"நிஜமா கேக்கறேன்."

"நானும் நிஜமாத்தான்டி சொல்றேன். ஆபீஸ்னு காட்டித்தான் வாங்கினேன், வரியைத் திருப்பிக் குடுத்தாங்க. ஒருத்தர் பேரு குடியிருக்கிற ஆளுன்னு அங்க ஏறிச்சுன்னா அது வீடு. திருப்பிக் குடுத்ததை அபராதத்தோட கக்குன்னுவாங்க. எங்கேருந்து கக்கறது? அது இந்தக் கடைக் கூரையாயிடுச்சு."

தாவோன் மேலே நிமிர்ந்து பார்த்தாள். புதுத் தகரம். போன வருடம் பனி கனத்து இடிந்த இடத்தில் போட்டது.

அன்று முழுவதும் அவள் அந்த உரையாடலைத் திறந்து திறந்து பார்த்தாள். கரடி தலையாட்டிக்கொண்டே இருந்தது. இப்போதே அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வரும். அந்தப் பெண் மறந்திருப்பாள், எல்லாரும் சும்மா கேட்டுவைப்பதுதானே என்று இன்னொரு நினைப்பு வந்து அதை அமுக்கிவிடும்.

சேஜின் குடிவந்த அன்று அந்த இரண்டாவது நினைப்பு செத்துப்போனது. மின்தூக்கி திறந்தது. முதலில் வந்தது பெட்டி இல்லை. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், அரிசி நிரப்பிய மின்குக்கரைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஏழு வயதுச் சிறுமி ஒன்று, மகள் சோயுல், குக்கரின் வயரைப் பிடித்தபடி. அறையில் குக்கர் இருக்கிறது என்று விளம்பரத்திலேயே படம் போட்டிருந்தார்கள். இருந்தும் அந்தப் பெண் நிலைவாசலைத் தாண்டி அறையின் நடுவில் தன் குக்கரை வைத்த பிறகுதான் பெட்டிகளை எடுக்கத் திரும்பினாள்.

கதவுப் பூட்டின் ரகசிய எண்ணைச் சொல்லிக்கொடுத்துவிட்டு இறங்கும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள். "தங்கிட்டுப் போறவங்க யாரும் குக்கரை முதல்ல கொண்டு வரமாட்டாங்க. அது வீடு மாறுறவங்க பண்றது."

"அந்தப் பாப்பாவுக்கு அந்தக் குக்கர் சோறுதான் இறங்குமோ என்னவோ" என்றாள் தாவோன். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"இருக்கும். நமக்கென்ன, பதிவு கிடையாதுன்னு சொல்லியாச்சுல்ல?"

"ம்."

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படுக்கை விரிப்பு மாற்றிக்கொடுப்பது அம்மாவின் வழக்கம். அதைச் சாக்காக வைத்து தாவோன் தனியாகப் போனாள். எப்படிப் பேச்சை எடுப்பது என்று பேருந்தில் நான்கு விதமாக ஒத்திகை பார்த்திருந்தாள். கதவு திறந்ததும் நான்கும் மறந்துவிட்டன.

"அக்கா, நீங்க அந்த முகவரிப் பதிவு... பண்ணிட்டீங்களா?"

சேஜின் மருத்துவமனைச் சீருடையில் இருந்தாள். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் காலுறையை ஒற்றைக் காலில் நின்று மாட்டிக்கொண்டிருந்தாள். "இன்னும் இல்லம்மா. பண்ண முடியாது."

தாவோன் விரிப்பைக் கட்டிலின்மேல் வைத்தாள். "ஏன்?"

"கும்சான்ல பழைய வீட்டுக்காரன் என் முன்பணத்தைத் தரல. பேரை அங்கேருந்து எடுத்தேன்னா அந்தப் பணத்து மேல எனக்கிருக்கிற பிடி போயிடும். கட்டிலையும் ஒரு அலமாரியையும் அங்கயே விட்டுட்டு வந்திருக்கேன், நான் இன்னும் அங்கதான் இருக்கேன்னு காட்ட." மற்றக் காலுறையைத் தேடிக்கொண்டே சிரித்தாள். "என் சட்டைக்கெல்லாம் அங்க வீடு, எனக்கு இங்க ரூம்."

"அப்போ அவரு தரவே மாட்டாரா?"

"தந்தா இவ மார்ச்சுல இங்க ஒண்ணாவது சேருவா. தராட்டி கும்சான் பள்ளிக்கூடத்துல பேரு, டேஜோன்ல பொண்ணு. எட்டு இடத்துல கேட்டேன் தெரியுமா? எட்டு பேரும் பதிவு கூடாதுன்னுட்டாங்க. உங்கம்மா ஒருத்தங்கதான் மனுஷி."

சோயுல் புதுப் பள்ளிப் பையை வெறும் பையாகவே முதுகில் மாட்டிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பேருந்து ஜன்னலோரத்தில் தாவோனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி என்ன என்று உற்றுப் பார்த்தபோது, கும்சானில் முகம் தெரியாத ஒருவன் பணத்தைத் தராமல் இருக்க வேண்டும் என்று தான் வேண்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. வேண்டுவதை அவள் நிறுத்தவில்லை. காலையில் பல் துலக்கும்போது வேண்டினாள். பாடப் புத்தகத்துக்கு நடுவில் வேண்டினாள்.

பிப்ரவரியின் முதல் வெள்ளிக்கிழமை செயலியில் செய்தி வந்தது. 'வீட்டுக்காரம்மா, பணம் வந்துவிட்டது. திங்கட்கிழமை வட்டார அலுவலகத்துக்குப் போகிறேன். ரொம்ப நன்றி.' கீழே அதே கரடி. இந்தமுறை அது கைகூப்பியிருந்தது.

தாவோன் கடைக்கு ஓடினாள். அம்மா நெத்திலியை வறுத்துக்கொண்டிருந்தாள். தாவோன் கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். முதலில் வெள்ளிக்கிழமைச் செய்தி, அப்புறம் மேலே தள்ளித் தள்ளி, தலையாட்டுகிற கரடி.

அம்மா அடுப்பை அணைத்தாள். நெத்திலி தீயாமல் இன்னும் நான்கு முறை கிளறினாள்.

"எந்த விரலால அடிச்ச?"

"அம்மா..."

"கேக்கறேன்ல."

தாவோன் கட்டைவிரலைக் காட்டினாள். அம்மா அதைப் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றினாள். "எப்போ தெரியும் உனக்கு?"

"அன்னைக்குக் கீரை அலசும்போது நீ போன்ல பேசினப்ப."

"அன்னைக்கே சொல்லியிருந்தா பணத்தைத் திருப்பிக் குடுத்து வேற இடம் பார்க்கச் சொல்லியிருப்பேன். அவளுக்கும் நேரம் இருந்திருக்கும்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது தாவோனுக்கு. "வா."

கடையை மூடிவிட்டு இருவரும் ஒன்பதாவது மாடிக்குப் போனார்கள். அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், கூரைத் தகரம் உட்பட.  கேட்டு முடித்ததும் சேஜின் சொன்னாள்.

"சட்டப்படி நீங்க என்னைத் தடுக்க முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும்."

"பொண்ணு அடிச்சதுன்னா என்ன, உங்க பேர்லதானே வந்துச்சு. அதை நம்பித்தான் வேற இடம் தேடறதை விட்டேன். இப்போ பள்ளிக்கூடப் பட்டியல் போடற நேரத்துல நான் எங்க போறது?"

"அதுவும் தெரியும். நீங்க இந்த வட்டாரத்துலதானே இருக்கணும்? நானும் இதே வட்டாரம்தான், பஸ்ல நாலு ஸ்டாப் தள்ளி. வீடு, நிஜமான வீடு. ஒரு அறை தர்றேன். இந்த ரூமுக்குக் குடுத்ததுல பாதி போதும், மீதியைத் திருப்பித் தந்துடறேன். அங்க வந்து நிஜமாவே இருங்க, நிஜமாவே பதிஞ்சுக்கோங்க. நல்ல வீடு கிடைக்கிறவரைக்கும்."

"எந்த அறைம்மா?" என்றாள் தாவோன். அவர்கள் வீட்டில் இருந்ததே இரண்டு அறை.

அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சேஜின் அன்றே வந்து பார்த்தாள். இரக்கப்பட்டு வந்தவளாக இல்லை, வாடகைக்கு வந்தவளாகவே பார்த்தாள். ஜன்னலைத் திறந்து வெயில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். குழாயைத் திருகிச் சுடுநீர் வரும்வரை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சுவர் மூலையில் பூஞ்சை இருக்கிறதா என்று தாவோனின் அலமாரியை நகர்த்திப் பார்த்தாள். பின்னால் தொலைந்துபோன மூன்று காலுறைகளும் ஒரு கணக்குத் தேர்வுத் தாளும் கிடந்தன.

"முப்பத்தெட்டு மார்க்" என்று சோயுல் வாய்விட்டுப் படித்தாள்.

"எண்ணெல்லாம் தெரியுதே. பள்ளிக்கூடம் எதுக்கு இவளுக்கு?" என்றாள் அம்மா. சேஜினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாவோன் தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தாவோனின் மேசை அம்மாவின் அறைக்கு நகர்ந்தது. அதற்கு இடம் பண்ண, அம்மா தன் மெத்தையைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். திங்கட்கிழமை சேஜின் வட்டார அலுவலகத்துக்குப் போய்ப் பதிவை முடித்துவிட்டு, எல்லாருக்கும் மீன் வடிவ ரொட்டி வாங்கி வந்தாள். அன்று மாலையே அம்மா ஒன்பதாவது மாடி அறையை மறுபடி செயலியில் ஏற்றினாள். இந்தமுறை பதில்களை அவளே எழுதினாள், நெத்திலிக்கு நடுவில், ஒற்றை விரலால். ஒவ்வொன்றையும் அனுப்புமுன் சத்தமாக ஒருமுறை படித்தாள்.

மறுநாள் காலையில் தாவோனுக்குத் தடித்த மேலங்கி வேண்டியிருந்தது. அது அவளுடைய பழைய அறையில், கதவுக்குப் பின்னால் கொக்கியில் இருந்தது. பழக்கத்தில் கைப்பிடியைத் திருகப் போனவள் நின்றாள். கையை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்றது உள்ளிருந்து சின்னக் குரல்.

"நான்தான், தாவோன்."

"இருங்க. அம்மா தூங்கறாங்க, நைட் டியூட்டி."

மேலங்கியின் ஒரு கை மட்டும் கதவிடுக்கில் முதலில் வெளியே வந்தது.