அறுக்கக்கூடாத பாவு

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், செல்லங்களே. கதவோரம் குளிரும். அடுப்புப் பக்கம் இடம் இருக்கிறது, காலை மடக்கிக்கொண்டால் எல்லாரும் உட்காரலாம். உங்களுக்குப் பயத்தைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். பேய்க் கதை இல்லை. ஒரு தறிச் சத்தம் கேட்டு ஊரே நடுங்கிய கதை. நடுவில் பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நாங்களும் அப்படித்தான் பிடித்துக்கொண்டோம்.

பூமி குலுங்கியதற்கு மறுநாள் மத்தியானம். சிந்திர்கி டவுனுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிற எங்கள் ஊரில் ஒருவரும் வீட்டுக்குள் இல்லை. வால்நட் மரங்களுக்குக் கீழே மேய்ச்சல் வெளியில் கிடந்தோம். ஆண்கள் கூடாரம் வாங்கிவர டவுனுக்குப் போயிருந்தார்கள். ஓடும்போது நாங்கள் தூக்கிவந்தது குழந்தைகளை, அடுத்தபடியாகக் கம்பளங்களை. பணம், நகை, ரொட்டி எதுவும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கருநீலமும் சிவப்புமாக அவற்றைப் புல்லில் விரித்து உட்கார்ந்திருந்தோம். சுவர் உதிர்த்த சுண்ணாம்புப் புழுதி கம்பளிக்குள் இறங்கி, அவுரிச் சாயத்தின் நீலமெல்லாம் சாம்பல் பூத்தமாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குலிஸார் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கைகள் பறந்தன.

"ஏ, ஊத்தாதடி! சுண்ணாம்பு நனஞ்சா கம்பளிய அரிச்சுப்புடும். குப்புறப் போட்டு முதுகுல தட்டு. பூமி ஆடுனதுல உன் புத்தியும் சேந்து ஆடிப்போச்சா?"

குலிஸார் அப்படித்தான். கல்யாணம் வேண்டாம் என்று தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டவள். தடித்த மணிக்கட்டு, கூர்மையான நாக்கு. தம்பி வெய்செலின் பெண்டாட்டி ஸெலிஹாவும் அவளும் ஒரே தறியில் அருகருகே உட்கார்ந்து நெய்வார்கள். ஸெலிஹாவின் முடிச்சு கொஞ்சம் தளர்வு. அதனால் வரிசை ஏற ஏற அவள் பக்கம் கம்பளம் உயர்ந்துவிடும். "உன் பக்கம் ரொட்டி மாவு மாதிரி உப்புதுடி, அடுப்புல போட்டுறவா?" என்று குலிஸார் கேட்காத நாள் கிடையாது. ஸெலிஹா சிரித்துக்கொண்டே அடுத்த முடிச்சைப் போடுவாள். அடுத்த வீட்டுக்காரியான எனக்கு அவர்கள் பேச்சும் தறிச் சீப்பின் சத்தமும் சுவர் வழியாகத் தினமும் கேட்கும்.

அந்தச் சீப்புச் சத்தம்தான் அப்போது கேட்டது.

தொப். தொப். தொப்.

குறுக்கே ஓடுகிற ஊடை நூலை இறுக்க இரும்புச் சீப்பால் அடிக்கிற சத்தம். அதை எங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். முதலில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, அவ்வளவு பழகிய சத்தம். பிறகு கம்பளம் தட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஊரிலிருக்கிற தறியெல்லாம் வீடுகளுக்குள் நிற்கிறது. வீடுகளில் ஆள் இல்லை. பிறகு யார் நெய்கிறார்கள்? ஒரு கிழவி முணுமுணுவென்று ஓத ஆரம்பித்தாள். என் மடியிலிருந்த எதிர்வீட்டுச் சிறுமி முகத்தை என் சால்வைக்குள் புதைத்துக்கொண்டாள்.

குலிஸார் மட்டும் தன் பக்கத்தில் பார்த்தாள். ஸெலிஹா படுத்திருந்த இடம் காலி. சுருட்டி வைத்த கம்பளிப் போர்வை இருந்தது, ஆள் இல்லை. ஒதுங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்.

"பாவி," என்றாள் குலிஸார், மெதுவாக. "தறிக்குப் போயிட்டா."

ஸெலிஹாவுக்கு மாதம் முற்றியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு முறை வயிற்றில் தங்கி, இரண்டும் நிலைக்காமல் போயின. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை உண்டானதும் தாய்க்காரி ஒரு சின்னத் தறி போட்டு, பிறக்கப்போகிற பிள்ளைக்குக் கம்பளம் நெய்யத் தொடங்குவாள். தொடங்கிவிட்டால் முடிக்கிறவரைக்கும், தறியில் நெடுக்காகக் கட்டிய பாவு நூலில் கத்தி படக்கூடாது. பாதியில் பாவை அறுத்தால் தொப்புள்கொடியை அறுத்தமாதிரி என்பார்கள். நம்புகிறவர்களும் உண்டு, கேலி செய்கிறவர்களும் உண்டு. ஆனால் கேலி செய்கிறவர்கள்கூட அறுத்ததில்லை.

குலிஸார் ஓடினாள். எனக்கு அப்போதே முழங்கால் வலி, இருந்தாலும் பின்னாலேயே போனேன். அவர்கள் வீட்டுச் சுவரில் கூரையிலிருந்து வாசற்படி வரைக்கும் கை நுழைகிற அளவுக்கு விரிசல். உள்ளே போகக்கூடாது என்று ஜண்டர்மா சிப்பாய்கள் காலையில்தான் கதவில் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். தொப், தொப் என்று உள்ளே அடி விழும்போதெல்லாம் அந்த விரிசலிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. சுவர் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. கதவைத் தாண்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. தறி இருக்கிற அறையின் ஜன்னலுக்குப் போய்க் கம்பியில்லாத சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

ஸெலிஹா முகமெல்லாம் புழுதியாக, வயிற்றைத் தறிமேல் சாய்த்துக்கொண்டு நெய்துகொண்டிருந்தாள். நூலை இரண்டு பாவிழைகளில் சுற்றி, இழுத்து, கத்தியால் நறுக்கி, மறுபடி சுற்றி. அவள் விரல்கள் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததே இல்லை. கம்பளம் பாதிதான் ஏறியிருந்தது.

"எந்திரி," என்றாள் குலிஸார், நிலைப்படியில் நின்றபடி.

"இன்னும் கொஞ்சந்தான்க்கா."

"என்னடி கொஞ்சம்? இன்னும் பாதிக் கம்பளம் கிடக்கு. தலைக்கு மேல பாரு, உத்தரம் எப்படித் தொங்குதுன்னு."

"பார்க்கமாட்டேன். பார்த்தா கை நடுங்கும்."

குலிஸார் அறைக்குள் வந்து ஆணியில் மாட்டியிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். நெய்து முடித்த கம்பளத்தின் ரோமத்தைச் சமன் செய்கிற கத்தரிக்கோல். அவள் நினைத்தால் பாவு முழுவதையும் நாலு வெட்டில் அறுத்து, கம்பளத்தைத் தோளில் போட்டு, தம்பி பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அதுதான் சரியான காரியமும். ஜன்னலுக்கு வெளியே நின்ற நான் அறு, அறு என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸெலிஹா இரண்டு கைகளையும் விரித்துப் பாவின்மேல் சாய்ந்துவிட்டாள்.

"முதல்ல என்ன வெட்டு."

"பைத்தியம் மாதிரி பேசாத. சகுனமாம் சகுனம்! போன ரெண்டு தடவையும் எந்தப் பாவ அறுத்த நீ? ஒண்ணையும் அறுக்கலயே. அப்பவும் போகத்தானே செஞ்சுது?"

சொல்லியிருக்கக்கூடாது. சொன்னவளுக்கே முகம் கறுத்துவிட்டது. ஸெலிஹா அழவில்லை. நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள்.

"அந்த ரெண்டு தடவையும் நான் தறியே போடல அக்கா. தங்குமோ தங்காதோன்னு பயந்துக்கிட்டுப் போடல. இந்தத் தடவ போட்டேன். தங்குச்சு."

குலிஸார் கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு தறியின் மேல்கட்டையைப் பார்த்தாள்.

"பெஹியேக்கா," என்று என்னைக் கூப்பிட்டாள். "ஜன்னல்லயே நில்லு. கட்டைய வெளிய தள்ளுவோம், பிடிச்சுக்க."

பாவை அறுக்காமலும் தறியை எடுக்கலாம், செல்லங்களே. மேல்கட்டைக்கு அடியில் ஆப்பு அடித்துத்தான் பாவை விறைப்பாக்கியிருக்கும். ஆப்பைக் கழற்றினால் மேல்கட்டை இறங்கும். மேலும் கீழும் இருக்கிற இரண்டு கட்டைகளோடு பாவையும் கம்பளத்தையும் சேர்த்துச் சுருட்டிவிடலாம். சின்னக் கம்பளம், சின்னக் கட்டை. வீடு கட்டி உட்காருவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் ஆட்டு மந்தையோடு அலைந்தபோது இப்படித்தான் பாதிக் கம்பளத்தைச் சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றினார்களாம். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். ஆப்பை அடித்துத் தளர்த்த வேண்டும். அந்தத் தறியின் நிமிர்ந்த கால்கள் இரண்டும் உத்தரத்தோடு முட்டுக் கொடுத்து நின்றன; ஆப்பில் விழுகிற அடி உத்தரத்துக்கும் போகும்.

குலிஸார் தறியடியில் கிடந்த சுத்தியலை எடுத்து ஒரு அடி வைத்தாள். உத்தரத்திலிருந்து ஒரு கூடை மண் கொட்டியது. மூவரும் அசையவில்லை. அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஆப்பைக் கையால் பிடித்து, பால் பல்லை ஆட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியுமாக ஆட்டத் தொடங்கினாள். விரல் நகத்தில் ரத்தம் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஆட்டினாள். ஒரு பக்கம் கழன்றது. மறுபக்கத்துக்குப் போனாள். ஸெலிஹா கீழ்க்கட்டையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

இரண்டாவது ஆப்பு கழன்றபோது பூமி ஆடியது.

முதலில் நாய்கள் குரைத்தன. பிறகு அடியில் ஒரு உறுமல். ஜன்னல் சட்டம் என் கையில் குதித்தது. விளக்கு ஊஞ்சலாக ஆடிச் சுவரில் மோதியது. குலிஸார் ஒரே எட்டில் ஸெலிஹாவைச் சுவர் மூலையில் தள்ளி, அவள்மேல் குனிந்து, தன் முதுகைக் கூரைக்குக் காட்டி நின்றாள். ஸெலிஹா கண்ணை இறுக மூடியிருந்தாள். மேலிருந்து ஒரு சுடாத மண்செங்கல் பெயர்ந்து, சரிந்து கிடந்த பாவின்மேல் விழுந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும். செங்கல் விழுந்த சத்தம் இல்லை. இழை அறுந்த சத்தம்.

ஆட்டம் நின்றது. ஓரத்தில் கொஞ்சம் இழைகள் அறுந்து சுருண்டு நின்றன. நான் பார்த்தேன். குலிஸாரும் பார்த்தாள். அவள் என்னைப் பார்த்தாள். அறுந்த இடத்தை உள்பக்கமாக வைத்து மளமளவென்று சுருட்டினாள். கட்டைகள் ஜன்னல் வழியாக என் கைக்கு வந்தன. பிறகு இருவரும் கதவு வழியாக வந்தார்கள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அக்கா, ஏதோ அறுந்த மாதிரி கேட்டுச்சே?"

"உன் பல்லு தந்தியடிச்ச சத்தம்டி அது."

"நிசமாவா?"

"போய்க் கஞ்சியக் குடி. வயித்துல இருக்கிறதுக்குப் பசிக்கும்."

ஸெலிஹா மரத்தடியில் தர்ஹானாக் கஞ்சி குடிக்கப் போனதும், குலிஸார் சுருட்டலைப் பிரித்தாள். நான் என் சால்வையை உதறி மடிக்கிற மாதிரி மறைத்து நின்றேன். அவள் வெள்ளை நூலை எச்சில் தொட்டு முறுக்கி, அறுந்த ஒவ்வொரு இழையோடும் புது நூலைச் சேர்த்து முடிந்தாள். பாவில் இழை அறுவதும் முடிவதும் எந்தத் தறியிலும் நடக்கிறதுதான். ஆனால் அவள் ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

"அறுத்தது நாம இல்லையே, பெஹியேக்கா," என்றாள், நிமிராமல். "கத்தி படலையே. அது கணக்குல வராது, இல்ல?"

"வராது," என்றேன். எனக்கு என்ன தெரியும்?

நான்கு முளைகளை மண்ணில் அடித்து, கட்டைகளை அவற்றில் கட்டி, பாவை மறுபடி விறைப்பாக்கினோம், மந்தைக்காரர்கள் செய்தமாதிரி தரையிலேயே. ஸெலிஹா வந்து, நெய்த பாதியின்மேல் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நெய்வதற்கு முன்னால் பாவை விரலால் வருடிப் பார்ப்பது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். அவள் விரல் இழைகளின்மேல் ஓடியது. ஓரத்துக்குப் போனது. நின்றது.

குலிஸார் எதிரே தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். கலக்குகிறவள் கலக்கிக்கொண்டே இருந்தாள், சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. ஸெலிஹா அவளை நெடுநேரம் பார்த்தாள். கட்டுப்போடாத அந்த நகங்களைப் பார்த்தாள். பிறகு கருநீல நூலை எடுத்து அந்த ஓரத்திலிருந்தே தொடங்கினாள். முடிச்சை இறுக்கிப் போட்டாள், நாத்தனார் போடுகிற மாதிரி.

சாயங்காலம் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. டவுனுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. நாங்கள் தறியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது பாவு அதிர்ந்தது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு, எல்லா இழைகளும், ஈ மொய்த்த மாதிரி. ஒருவர் கையை ஒருவர் பிடித்தோம். எதிர்வீட்டுச் சிறுமி அழத் தொடங்கினாள்.

ஸெலிஹா ஒரு உள்ளங்கையைப் பாவின்மேல் வைத்தாள். மறுகையைப் பாவின்மேல் சாய்ந்திருந்த வயிற்றில் வைத்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"பயப்படாதீங்க," என்றாள். "பூமி இல்ல. புள்ள உதைக்கிது."

தறியைத் தொடாமல் தள்ளித் தரையில் வைத்திருந்த என் கண்ணாடிக் குவளையில் கரண்டி கிணுகிணுவென்று ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். குலிஸார் கையை நீட்டிக் கரண்டியை வெளியே எடுத்து, தன் முக்காட்டு முனையில் சுற்றி, கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். "புள்ளதான்."

செல்லங்களே, உங்கள் வீட்டு உத்தரம் உங்கள் தலைக்கு மேல் உறுதியாக நிற்கட்டும். உங்கள் தறியில் ஏறிய பாவு எதுவும் பாதியில் நிற்காமல் இருக்கட்டும். பயம் வருகிற நேரத்தில் பக்கத்தில் ஒரு கை இருக்கட்டும்.