சங்கிலி கிரேனை நிறுத்திய காலை

"இது பாதுகாப்பான இடம்" என்று டீச்சர் முதல் நாள் சொன்னதுதான் தாமதம், எங்கள் மேஸ்திரி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். பெஞ்சு மேல் ஏறி அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, போல்ட் தளர்ந்திருக்கு, இதற்கு அடியில் ஒருத்தரும் உட்காரக் கூடாது என்று அறிவித்தார். கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, அதுவும் தப்பாம். மணல் வாளி எங்கே என்று கேட்டார். டீச்சர் சின்ன வயசு. சாக்பீஸைக் கையில் பிடித்தபடி, தான் சொன்னது அந்தப் பாதுகாப்பு இல்லை, இங்கே தப்பாகப் படித்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்கிற பாதுகாப்பு என்று விளக்கினார். மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். அதுவும் வேணும்தான், ஆனால் முதலில் போல்ட்டை முடுக்கிவிடலாம் என்றார்.

நாங்கள் சரக்கு யார்டில் வேலை செய்கிறவர்கள். யார்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம். ஞாயிறு காலையில் அங்கே எங்களுக்கு எழுத்து வகுப்பு. பெஞ்செல்லாம் பொடிசுகளுக்குச் செய்தது. உட்கார்ந்தால் முழங்கால் காது வரைக்கும் வரும். என் வீட்டுக்காரி யார்டு கேன்டீனில் வேலை பார்க்கிறவள். அவளும் வந்தாள். வந்த அன்றைக்கே முதல் பெஞ்சில் இடம் பிடித்தாள். நான் சுவரோரம். அவள் தம்பி, அதாவது என் மச்சான், எனக்கும் பின்னால். அவன் தானாக வரவில்லை, அக்கா இழுத்து வந்தாள்.

மச்சானை எல்லோரும் சங்கிலி என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேன் தூக்குகிற இரும்புக் குழாய்க் கட்டுக்குச் சங்கிலி மாட்டுகிற வேலை அவனுக்கு. அந்த வேலையைத் தவிர வேறு எதையும் அவன் வேலையாகவே மதித்ததில்லை. அதற்குத்தான் ஆபத்து வந்தது. யார்டுக்குப் புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி ஓர் உத்தரவு போட்டார். அடுத்த மாதத்திலிருந்து கிரேனுக்கு அடியில் நிற்கிற ஆள் எவனும் அங்கே மாட்டியிருக்கிற எச்சரிக்கைப் பலகையைத் தானே வாசித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் யார்டைக் கூட்டுகிற வேலை, கையில் துடைப்பம். மனப்பாடம் பண்ணித் தப்பிக்கலாம் என்று பார்த்தால், அவர் விரல் வைக்கிற வரியைத்தான் படிக்க வேண்டுமாம். உத்தரவு எனக்கும் சேர்த்துத்தான். நான் துடைப்பத்தோடு எப்படியோ காலம் தள்ளிவிடுவேன். சங்கிலி தள்ள மாட்டான்.

டீச்சர் நல்ல நல்ல விஷயமாகச் சொல்லிக்கொடுத்தார். "தெரியாது" என்று சொல்லக் கூடாது, "இன்னும் தெரியாது" என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் மனசு திறந்திருக்கும் என்றார். எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக் குழாயைச் சரிபண்ணியாச்சா என்று வீட்டுக்காரி கேட்டபோது, "இன்னும் இல்ல" என்று மனசைத் திறந்துவைத்தேன். அந்த வார்த்தைக்காக நீங்க பள்ளிக்கூடம் போயிருக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்து டீச்சர் ஆளுக்கு மூன்று அட்டை கொடுத்தார். புரிந்தால் பச்சை, அரைகுறை என்றால் மஞ்சள், புரியவில்லை என்றால் சிவப்பு. வாயைத் திறந்து சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்காக யோசித்துச் செய்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் யார்டில் சிவப்பு என்றால் உயிர் போகிற விஷயம். ஒருத்தன் சிவப்புக் கொடியைத் தூக்கினாலும் சரி, தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்தாலும் சரி, எல்லாம் நின்றுபோகும். கிரேன் நிற்கும், லாரி நிற்கும். எல்லோரும் சுவரோரம் போய் நிற்க, மேஸ்திரி தலையெண்ணுவார். நிறுத்தினவனுக்கு முதலில் டீ. அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் ஏன் நிறுத்தினாய் என்று அதட்டக் கூடாது. பயந்த ஆள் உளறுவான், டீ குடித்த ஆள் விஷயத்தைச் சொல்வான் என்பது கணக்கு. அப்பேர்ப்பட்ட சிவப்பை ஒரு எழுத்துக்காக எவன் தூக்குவான்?

ஆகவே வகுப்பு முழுக்கப் பச்சை. கிரேன் ஓட்டுகிற மாடிவீட்டுக்காரர், அவர் எப்போதும் உச்சியில் கூண்டுக்குள் இருப்பதால் அந்தப் பெயர், டீச்சர் கேட்பதற்கு முன்பே பச்சையைத் தூக்கிவிடுவார். டீச்சருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. இப்படி வேகமாகப் படிக்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லி, எழுத்திலிருந்து வார்த்தைக்கும் வார்த்தையிலிருந்து முழு வாக்கியத்துக்கும் தாவிவிட்டார். நாங்கள் பச்சையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பின்னால் நின்றுகொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிறு திரும்பி வரும்போது சங்கிலி என் பக்கத்தில் ஒட்டி நடந்தான்.

"துடைப்பமே போதும் மாமா. எல்லாருக்கும் ஏறுது, எனக்கு மட்டும் மண்டையில ஏறல."

எனக்கும் ஏறவில்லைதான். ஆனால் மச்சானிடம் அதை எப்படிச் சொல்வது? தலையை ஆட்டி வைத்தேன். முன்னால் போய்க்கொண்டிருந்த அவன் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நடை மெதுவானது. அவள் நடை மெதுவானால் காதைத் தீட்டுகிறாள் என்று அர்த்தம்.

அடுத்த வகுப்புக்கும் தம்பியை இழுத்து வந்தாள். டீச்சர் கரும்பலகையில் ஒரு நீள வாக்கியத்தை எழுதிவிட்டு அட்டையைக் காட்டச் சொன்னார். வரிசையாகப் பச்சை. என் வீட்டுக்காரி எழுந்து நின்றாள். திரும்பி எங்களை ஒரு பார்வை பார்த்தாள். தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்தாள்.

அவ்வளவுதான். ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. பெஞ்சிலிருந்து முழங்காலைப் பிடுங்கிக்கொண்டு எல்லோரும் வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிச் சுவரோரம் வரிசையாக நின்றோம். மேஸ்திரி தலையெண்ணினார். டீச்சர் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார். மேஸ்திரி அவரைப் பார்த்து, டீ இருக்கா என்று கேட்டார்.

பாவம், டீச்சர் தனக்கென்று ஒரு சின்ன பிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்தார். அதை ஊற்றிக்கொடுத்தார். என் வீட்டுக்காரி அவசரமே படாமல் ஊதி ஊதிக் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்குப் புரியுது டீச்சர். என் தம்பிக்குப் புரியல. இவருக்கும் புரியல, ஆனா இவரு சொல்லமாட்டாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். அப்போது மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல்லப்போனால் தனக்கும் ஆரம்பத்திலிருந்தே சரியாகப் புரியவில்லை என்றார். அடுத்தடுத்து ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். மாடிவீட்டுக்காரருக்கு மட்டும் என்ன பேச்சு என்றே தெரியவில்லை. வருஷக்கணக்கில் இன்ஜின் சத்தத்தில் அவர் காது மந்தமாகிப்போனது. மேஸ்திரி கை ஜாடையில் கேட்டதும், டீச்சர் பேசுவது எதுவும் காதில் விழவில்லை, அடுக்கில் பச்சைதான் மேலே இருந்தது, அதைத்தான் தூக்கினேன் என்றார்.

டீச்சர் தொட்டித் திண்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அட்டைகளை எல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டார். இனிமேல் புரியாத ஆள் கையைக் குறுக்கே வைக்கட்டும், வெளியே ஓட வேண்டாம், டீ உண்டு, எங்கே வழுக்கியதோ அங்கிருந்து மறுபடி தொடங்கலாம் என்றார். மாடிவீட்டுக்காரருக்காக யார்டு ஜாடைகளையும் எங்களிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார். எழுத்துக்கு மேல் சுழி போடும்போது சரக்கை மேலே தூக்கு என்கிற ஜாடை. மனுஷர் முதல் முறையாக வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சங்கிலிக்கோ டீ என்றால் உயிர். தொடக்கத்தில் பாடம் நகரவே இல்லை. டீச்சரின் பிளாஸ்க் பெரிசாகிக்கொண்டே போனது. ஆனால் டீயோடு டீயாக எழுத்தும் உள்ளே இறங்கியது.

பரீட்சை நாள் வந்தது. காலை வேலை முழு வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. அதிகாரி பலகைக்குப் பக்கத்தில் நின்று முதல் ஆளாகச் சங்கிலியைக் கூப்பிட்டார். அடுத்தது நான் என்பதால் பக்கத்திலேயே நின்றேன். தலைக்கவசம் பற்றிய வரியில் விரல் வைத்தார். தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டான். பிறகு கடைசி வரிக்கு விரல் போனது. சங்கிலி வாயைத் திறந்தான், மூடினான். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

சங்கிலியின் இரண்டு கையும் தலைக்கு மேல் போய்க் குறுக்கே நின்றன.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். ஆனால் உச்சியில் மாடிவீட்டுக்காரர் பார்த்துவிட்டார். கிரேன் நின்றது. சங்கு ஊதியது. லாரிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. யார்டு மொத்தமும் சுவரை நோக்கி நடந்தது. கேன்டீன் பெண்கள் கையில் கரண்டியோடு வந்தார்கள். பலகைக்கு அடியில் அதிகாரி மட்டும் விரலை எடுக்காமல் நின்றார். மேஸ்திரி அவரிடம் போய்ப் பணிவாக, தலையெண்ணிக்கையில் ஒரு ஆள் குறையுது சார், அது நீங்கதான் என்று சொல்லி அழைத்துவந்தார்.

என் வீட்டுக்காரி தம்பி கையில் டீயைக் கொடுத்தாள். அவன் அக்காவைப் போலவே ஊதி ஊதிக் குடித்தான். அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். டீ முடிகிறவரை அதட்டக் கூடாது என்கிற யார்டு விதியில், புதிதாக வந்தபோது அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். டம்ளர் காலியானதும் கேட்டார், என்ன ஆச்சு என்று.

"ஒரு வார்த்தை தெரியல சார்," என்றான் சங்கிலி. பிறகு, "இன்னும்."

ஒரு வார்த்தைக்காகவா யார்டையே நிறுத்தினாய் என்று அதிகாரி ஆரம்பித்தார். சங்கிலி பலகைக்கு நடந்தான். போனது போகட்டும், துடைப்பத்துக்கு முன்னால் இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம் என்று நினைத்திருப்பான். தானே விரல் வைத்தான். சுவரோரம் இருந்த எங்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக இழுத்தான்.

"சந்...தேகம். சந்தேகம் வந்தால்... வேலையை... உடனே நிறுத்தவும்."

படித்துவிட்ட சந்தோஷத்தில் அவனுக்கு வேறு எதுவும் உறைக்கவில்லை. அதிகாரிக்கு உறைத்தது. நின்றுகொண்டிருக்கிற கிரேனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி கிரேனைப் பார்த்தார். கன்னத்தில் ஒரு சிரிப்பு வந்து ஒளிந்துகொண்டது. சரி, போய்ச் சங்கிலியை மாட்டு என்றார்.

அப்போதுதான் மாடிவீட்டுக்காரர் ஏணியெல்லாம் இறங்கி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். யாருக்கு என்ன ஆச்சு என்று ஜாடையில் கேட்டார். சங்கிலி பாஸ் என்று மேஸ்திரி ஜாடை காட்டினார். இதற்காகவா என்னை இறங்க வைத்தீர்கள் என்று திட்டிக்கொண்டே, ஆனால் சங்கிலி முதுகில் ஒன்று போட்டுவிட்டு, மறுபடி ஏறப் போனார்.

அதிகாரி அடுத்த பெயரைப் படித்தார். என்னுடையது.

நான் பலகையைப் பார்த்து நடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். ஏணியில் பாதி ஏறிய மாடிவீட்டுக்காரர், என்னைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். என் வீட்டுக்காரி இரண்டாவது டம்ளரில் டீ ஊற்ற ஆரம்பித்திருந்தாள்.