இரண்டு புள்ளி, ஒரு கோடு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சலவைக் குறியிலிருந்து வந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி, அவற்றுக்குக் கீழே ஒரு கோடு. எங்கள் வீட்டுத் துணி அடுத்த வீட்டுத் துணியோடு கலந்துவிடாமலிருக்க, மேற்குத் தாம்பரத்தில் எங்களுக்கு வெளுத்துக் கொடுத்தவர் போட்ட அடையாளம். 1988இல் நடந்த இதைப் பத்து வருடமாக எழுதிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான் சிக்கல்.

அப்போது நான் நகரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். மருத்துவத்துக்குப் பயன்படும் பொருள்களுக்கு அனுமதி தரும் அலுவலகம். பெயர் வேண்டாம். (நான் ஓய்வுபெற இன்னும் பதினேழு வருடம் இருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: “தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் அன்று கூட்டம்”. அடித்துவிட்டேன். ரயிலில் ஆரம்பித்தால் கதை நகர்கிற மாதிரி ஒரு பிரமை வருகிறது. எங்கள் கோப்பு நகரவேயில்லை.

இரண்டாவது: “பூப் போன்ற அந்தக் குழந்தையின்”. சீ.

மூன்றாவது தொடக்கம், உள்ளதைச் சொல்வது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

தபீதாள் அக்கா சேலையூரில் தையல் வகுப்பு நடத்தினார். அதற்கு முன் பதினோரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு ஆயா. கரப்பான் வந்து உடம்பெல்லாம் சொறியும் கைக்குழந்தைகளுக்கென்று ஒரு சட்டை கண்டுபிடித்திருந்தார். தையலெல்லாம் வெளிப்பக்கம். பித்தான் கிடையாது, முதுகில் நாடா. கை நுனியை மூடித் தைத்திருப்பார். குழந்தை எவ்வளவு சொறிந்தாலும் நகம் தோலில் படாது.

கன்னியம்மாவுக்குக் குரோம்பேட்டை தோல் கம்பெனி ஒன்றில் கூலி வேலை. அப்போது ஏழு மாதமாகியிருந்த அவளுடைய பெண் குழந்தைக்குக் கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் கரப்பான். வீட்டில் இருக்கும்போது தபீதாள் அக்காவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கும். காய்ச்சல், சீழ் என்று வார்டில் சேர்த்துவிட்டால் சட்டையைக் கழற்றிவிடுவார்கள். அனுமதிக் கடிதம் இல்லாத எதையும் நோயாளிக்குப் போடக் கூடாது என்பது விதி. சொறியாமலிருக்க, இரண்டு கையையும் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டுவார்கள்.

கதைக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு காகிதம் வந்தால் அந்தக் கைகளை அவிழ்க்கலாம்.

3

விண்ணப்பம் முதலில் துணி சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. இது மருந்து, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். எங்களிடம் வந்தது. இது துணி என்று நாங்கள் எழுதினோம். மூன்றாவது தடவை தபீதாள் அக்கா நேரிலேயே வந்துவிட்டார், கன்னியம்மாவையும் கூட்டிக்கொண்டு.

“இன்னா சார், மருந்தா துணியான்னு நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள எம் பொண்ணு ஸ்கூலுக்கே பூடும்” என்றாள் கன்னியம்மா. “அங்க கொயந்தய மாட்ட கட்டுற மாதிரி கட்டி வச்சிகினு கீறாங்க. நீ ஒரு தபா வந்து பாரு சார்.”

கோப்பைப் பிரித்தேன். விண்ணப்பப் படிவத்தில் ஆறாம் கட்டம்: மூலப்பொருளும் அது கிடைக்கும் இடமும். தபீதாள் அக்கா அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: “பழைய மல் வேட்டி. தெரிந்தவர்கள் வீட்டிலிருந்து.”

எங்கள் பிரிவே சிரித்தது. [சிரித்தவர்களில் பிறந்ததும் பழைய வேட்டியில் சுற்றப்படாதவர் ஒருவர்கூட இல்லை. பிறந்த குழந்தையின் மேல் புதுத்துணி போடுவதில்லை என்பது எங்கள் அதிகாரி வீட்டிலும் வழக்கம்தான். வீட்டில் வழக்கமாக இருப்பது கோப்பில் குற்றமாகிவிடும்.]

“புதுத் துணின்னு எழுதிடுங்கக்கா. யார் பார்க்கப் போறாங்க?” என்றேன்.

“பொய் எழுதச் சொல்றீங்களா தம்பி?”

எழுதவில்லை. பில்லோடு ஒரு பீஸ் புது மல் துணி வாங்கி, அதில் மாதிரிச் சட்டைகள் தைத்துக் கொண்டுவந்தார். பரிசோதனை, குறிப்பு, கையெழுத்து. மூன்றே மாதத்தில் அனுமதி கிடைத்தது. எங்கள் அலுவலகத்தில் அது மின்னல் வேகம். நிபந்தனை: துணி புதிதாக, பில்லோடு வாங்கப்பட வேண்டும், தைத்த சட்டையை வேகவைத்து உறையிலிட்டு ஒட்ட வேண்டும்.

புதுச் சட்டை வார்டுக்குள் போனது. இரண்டாம் நாளே உரசி உரசி முழங்கையெல்லாம் சிவந்துவிட்டது. வேலை செய்யும் சட்டைக்கு அனுமதி இல்லை, அனுமதி பெற்ற சட்டை வேலைக்கு ஆகவில்லை.

4

இங்கே தபீதாள் அக்காவின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். கதையில் இவர் ரொம்ப நல்லவராகிக்கொண்டு வருகிறார். நம்ப மாட்டீர்கள். அதனால் சொல்கிறேன்: மகா கோபக்காரி. தையல் கோணினால் மாணவிகளின் விரலிலேயே ஸ்கேலால் தட்டுவார். ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் லேசில் விடமாட்டார். நம்பிவிட்டால் அதைவிட மோசம், கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்.

அவர் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். அதே பில்லில் வாங்கிய மீதித் துணியை வேட்டி வேட்டியாகக் கிழித்தார். இரண்டு எனக்கு (அலுவலகத்துக்கு நடந்து நடந்து என்னோடு பழகிவிட்டிருந்தார்). இரண்டு பள்ளிக்கூடத்து எட்மண்ட் வாத்தியாருக்கு. இரண்டு சர்ச் உபதேசியாருக்கு.

“நாலு மாசம் தினம் கட்டுங்க தம்பி. துவைச்சா மட்டும் நையாது, உடம்புல பட்டு நையணும். கஞ்சி கூடாது, நீலம் கூடாது. வீட்லயே துவைக்கணும். வெளுக்கப் போட்டுடாதீங்க, குறி போட்டுருவாங்க.”

“நிபந்தனையில புதுத் துணின்னு இருக்கேக்கா?”

“புதுசாத்தானே வாங்கினேன்? பில் இருக்குல்ல? வாங்கினப்புறம் யாரும் கட்டக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு, காட்டுங்க.”

தேடினேன். எங்குமே போட்டிருக்கவில்லை. அனுமதி கொடுத்த அலுவலகத்தின் இளநிலை உதவியாளன், அனுமதி பெற்ற துணியை இடுப்பில் கட்டி நையவைத்துக்கொண்டிருந்தேன். என் வேலையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று அப்போது எனக்குக் கர்வம்கூட இருந்தது.

5

கர்வம் மூன்றரை மாதம் நீடித்தது. என் மனைவி தனம் டைபாய்டில் படுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுக்குத் துணியை நானே மூட்டை கட்டி வெளுக்கப் போட்டேன். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது ஒரு வேட்டியின் ஓரத்தில் இரண்டு புள்ளி, ஒரு கோடு.*

* சேராங்கொட்டைப் பாலில் போடும் குறி. எத்தனை வருடம் துவைத்தாலும் போகாது. சிலருக்கு அந்தப் பால் பட்டால் தோல் கொப்பளித்துப் புண்ணாகும். வெளுக்கப் போடாதீர்கள் என்று தபீதாள் அக்கா ஏன் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது என்று ஒரு பிரதியில் எழுதியிருந்தேன். தெரியும்.

வேட்டிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அக்கா துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“வீட்லதானே துவைச்சீங்க?”

“ஆமாம்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எட்டுப் பிரதிகளில் எட்டுக் காரணம் எழுதியிருக்கிறேன். மனைவிக்கு உடம்பு சரியில்லை; ஓரத்தை எப்படியும் வெட்டிவிடுவார்; இத்யாதி. உண்மை இவ்வளவுதான்: இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு வெட்கமாக இருந்தது. ஓரத்தை யாரும் வெட்டி எறியவில்லை. ஒரு மாணவி அதைக் கழுத்துப் பட்டிக்கு எடுத்து மடித்துத் தைத்துவிட்டாள். குறி மடிப்புக்குள் போய்விட்டது.

6

கன்னியம்மாவின் குழந்தையை மறுபடி வார்டில் சேர்த்திருந்தார்கள். அந்தச் சட்டையை அதற்குப் போட்ட அன்று நானும் போனேன். கைகளை அவிழ்த்தார்கள். அது கொஞ்ச நேரம் கைகளை அப்படியே விரித்து வைத்திருந்தது, இன்னும் கட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு. பிறகு மூடிய கையைத் தூக்கி வாயில் வைத்துச் சப்பியது. கன்னியம்மா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

மூன்றாம் நாள் பின்கழுத்தில் கொப்புளம். வார்டில் இருந்த சட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். மறுபடியும் காஸ் துணி, கட்டில் கம்பி. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது: எதனால் என்று தெரிவிக்கவும், தெரியும்வரை இந்தச் சட்டைகளை உபயோகிக்க இயலாது. கோப்பு என் மேசையில். அதிகாரி சொன்னார்: “துணி சரியில்லைன்னு போட்டு அனுமதியை ரத்து பண்ணி லெட்டர் அடிச்சுடுங்க. முடிஞ்சது.”

டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகினேன்.

7

கதைக்கு முடிவுகள் உண்டு. ஒன்று: கடிதத்தை அடிக்கிறேன், அனுமதி ரத்தாகிறது, அதன் பிறகு யாருக்கும் அந்தச் சட்டை இல்லை. இன்னொன்று: நான் எழுந்து அதிகாரியின் அறைக்குப் போய்…

இல்லை. இதை எழுதும்போதெல்லாம் அந்த ஆள் என்னைவிட உயரமாக இருக்கிறான்.

எழுதியே ஆக வேண்டியது, காகிதத்தைச் செருகியதும் நடந்தது. தபீதாள் அக்காவும் கன்னியம்மாவும் உள்ளே வந்தார்கள். அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து சட்டையை எடுத்து, கழுத்துப் பட்டியைப் பிரித்து மேசையில் வைத்தார். நைந்த துணி. உள்மடிப்பிலிருந்த மை வெளியில் ஊறியிருந்தது.

“சட்டை மேல தப்பில்ல தம்பி, இந்தக் குறிதான். மூணு பேர் கட்டின துணி. யாரோடதுன்னு தெரிஞ்சா அந்தத் துணியில தைச்சதை மட்டும் எடுத்துட்டு, மத்ததைப் போடறேன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நீங்க வீட்ல துவைச்சீங்க. உபதேசியார் தானே துவைப்பார், நானே பார்த்திருக்கேன். அப்ப எட்மண்ட் சார்தான். கேட்டா இல்லேங்கறார். பைபிள்ல கைய வச்சு இல்லேங்கறார்! இனிமே அவர் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

“யார்தா இருந்தாலும் பரவால்ல சார்” என்றாள் கன்னியம்மா. “நான் திட்டப் போறதில்ல. சொல்லிட்டா போதும். கட்ட அவுத்துடுவாங்க.”

நான் அன்று போட்டிருந்தது வெள்ளை அரைக்கைச் சட்டை. தாம்பரத்தில் வெளுத்தது. காலரின் உள்பக்கம், பின்கழுத்தில், இரண்டு புள்ளி, ஒரு கோடு. குழந்தைக்குக் கொப்புளம் வந்த அதே இடம்.

பத்து வருடமாக இந்த வரியில்தான் நிற்கிறேன். என் எதிரில் அக்கா, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கன்னியம்மா, டைப்ரைட்டரில் வெள்ளைக் காகிதம். இங்கே நான் நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் வார்டில் அந்தக் கைகள் கட்டியே இருக்கின்றன. அன்று என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். நான் எதைச் சொன்னாலும் நீங்கள் நம்பக் கூடாது. “ஆமாம்” என்று சொன்னவன் நான்.

நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம், அக்காவின் பக்கத்தில் இருக்கிறீர்கள். கொஞ்சம் எட்டினால் என் காலர். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். திருப்பிப் பாருங்கள்.