ஊதா காத்திருக்காது

வனேடியத்துக்கு விருந்தோம்பல் தெரியாது. எங்கள் கோயம்புத்தூரில் அது பெரிய குறை.

எம்.எஸ்ஸி. கடைசி வருடம். என் புராஜெக்ட் மொத்தமும் ஒரே ஒரு நிறத்தை நம்பி இருந்தது. வனேடியம் பென்டாக்சைடு என்ற ஆரஞ்சுப் பொடியைச் சூடான கந்தக அமிலத்தில் கரைத்தால் மஞ்சள் வரும். துத்தநாகத்தைப் போட்டால் அது எலக்ட்ரானைக் கொடுக்க ஆரம்பிக்கும். வாங்க வாங்க வனேடியம் நீலமாகும், பச்சையாகும், கடைசியில் ஊதாவாகும். அந்த ஊதாவை வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கண்ணால் பார்த்து, கருவியில் அளந்தால்தான் நான் பாஸ். ஆனால் ஊதாவுக்குக் காற்று ஆகாது. பட்டால் ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி பச்சையாக்கிவிடும்.

காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் செய்தேன். நல்ல கத்திரிப்பூ நிறம் வந்தது. அளப்பதற்காகத் துத்தநாகத்தை வடிகட்டி எடுத்துவிட்டுத் தக்கையை இறுக்கினேன். எங்கள் லேபில் தக்கைகள் என்னைவிட வயதில் மூத்தவை. இனிக் கொஞ்சம் காற்று கசிந்தாலும் எலக்ட்ரானை ஈடுகட்ட உள்ளே துத்தநாகம் இல்லை.

தேர்வாளர் உமர் பாரூக் சார் சரியான நேரத்துக்கு வந்தார். பின்னாலேயே எங்கள் துறைத் தலைவர் கோவிந்தராஜுலு சார். வந்தவர் வயிறு நிறையாமல் அவர் எந்த வேலையையும் ஆரம்பிக்க விடமாட்டார்.

"ஏனுங்க சார், இலை போட்டாச்சுங்க. ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டு வந்துரலாமுங்க."

"சாப்பாடு எங்க போயிருதுங்க? மொதல்ல இதைப் பாத்துரலாமா அம்மணி?" என்று உமர் பாரூக் சார் என்னைக் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"பரவாயில்லைங்க சார், சாப்பிட்டுட்டே வாங்க."

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அதை ஊசி நூல் கொண்டு தைத்துவிடலாம் போலிருந்தது.

"பாயசம் இன்னொரு கரண்டிங்க" என்று துறைத் தலைவர் உபசரிப்பது லேப் வரைக்கும் கேட்டது. இங்கே ஊதாவின் மேல்பக்கத்தில் பச்சை இறங்கிக்கொண்டிருந்தது. தக்கையை அமுக்கிப் பிடித்தேன். கத்த முடியாது, போய் இழுத்து வரவும் முடியாது.

அவர்கள் வந்தபோது குடுவை முழுக்கப் பச்சை.

"ஊதா எங்க தேஜஸ்ரீ?" என்றார் உமர் பாரூக் சார்.

"இருந்துச்சுங்க சார்."

"நான் மொதல்லயே கேட்டேனே அம்மணி."

கேட்டார்தான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திரும்பச் செய்யறேனுங்க சார். வடிச்ச உடனே அளந்துரலாம், இங்கயே நில்லுங்க" என்று அமிலம் ஊற்றித் துத்தநாகத்தைப் போட்டேன். நுரைத்தது. பச்சை மங்க ஆரம்பித்த நேரத்தில் கதவருகே கோவிந்தராஜுலு சார், கையில் டம்ளரோடு.

"ஏனுங்க சார், கெணத்துக்கடவு எளநிங்க. வெளிய வந்து குடிச்சுப்போட்டு..."

உமர் பாரூக் சார் என்னைப் பார்த்தார். மறுபடியும் அதே கேள்வி.

"வேண்டாங்க" என்றேன். "யாரும் நகரக் கூடாதுங்க."

அவ்வளவு கோபத்திலும் அந்த 'ங்க' மட்டும் போகவில்லை. துறைத் தலைவரின் முகம் சுருங்கியிருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. குடுவையில் ஊதா வந்துகொண்டிருந்தது.