மூன்று நாள் பதினொரு நிமிடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் சங்கரி வீட்டுப் பின்னறையில் எழும் எந்த ஓசைக்கும் எதிரொலி மூன்று நாள் பதினொரு நிமிடம் கழித்துத்தான் வரும். ஒரே ஒரு முறை வரும். எழுந்ததைவிட மெல்லியதாக, வெயிலில் காயவைத்து எடுத்ததுபோல வரும். அந்த அறை முன்பு ஒரு வியாபாரியின் மிளகுக் கிடங்காக இருந்தது. வந்த மிளகை மூன்று நாள் உலர்த்திய பிறகே மூட்டை கட்டுவார்களாம். அதுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொன்னதில்லை.

சங்கரி எர்ணாகுளம் பிராட்வே பக்கம் ஒரு மைக் செட் கடையில் பதினான்கு வருடம் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்த்தவள். கம்ப்யூட்டரில் பதிந்த பாட்டு அவளுக்கு ஃப்ரிட்ஜில் வைத்த சோறு. ஆலுவாவில் மூடிய ஒரு ஸ்டுடியோவிலிருந்து பழைய ஸ்பூல் டேப் மெஷின் ஒன்றை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்தே கொண்டுவந்தாள். வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தானே கட்டினாள். பின்னறையைப் பாட்டுப் பதியும் இடமாக்க, அதன் சுவர்களுக்குத் தேங்காய் நாரும் மிளகுச் சாக்கும் அடித்தாள். சுவர் வேலை முடிந்து அறை நடுவில் நின்று ஒரு கை தட்டினாள். ஒன்றும் திரும்பி வரவில்லை. தரையில் பலகை அடித்துக்கொண்டிருந்த ஆசாரி சிஜு அன்றே தன் கட்டைவிரலில் சுத்தியலைப் போட்டு, நல்ல மலையாளத்தில் ஒரு வசவு விட்டான். அதுவும் திரும்பி வரவில்லை. அது திங்கட்கிழமை. வியாழக்கிழமை கவுன்சிலர் மஞ்சுஷா அறையைப் பார்க்க வந்து நின்றபோது, ஆளில்லாத மூலையிலிருந்து முதலில் கைதட்டலும் பிறகு சுத்தியல் அடியும் அந்த வசவும் தெளிவாக வந்தன. சிஜு வாசற்படியில் நின்று, "மேடம், அது இப்பப் பறஞ்ஞதல்ல. திங்களாழ்ச்ச பறஞ்ஞதாணு," என்றான். மஞ்சுஷா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும் நாளை நாலு நாள் முன்கூட்டியே சொல்லிவிடுவதாகச் சொல்லிப் போனார்.

சங்கரி கணக்கை நிமிடம்வரை சரிபார்த்து, கதவில் சாக்பீஸால் எழுதினாள். அன்றிலிருந்து ஒரு பாட்டுக்கு இரண்டு நாள் வேலை. முதல் நாள் பாடுவது. மூன்று நாள் பதினொரு நிமிடம் கழித்து ஆளில்லாத அறையில் மைக்கை வைத்து எதிரொலியைப் பிடித்து, இரண்டையும் சேர்ப்பது. எந்த எக்கோ பெட்டியாலும் தர முடியாத பழைய காலத்துக் குழைவு அதில் இருந்தது. ஃபோர்ட் கொச்சியிலிருந்து கிட்டாரோடு வந்தவர்கள், எதிரொலிக்கும் சேர்த்துத் தேதி வாங்கிப் போகப் பழகிக்கொண்டார்கள்.

அண்ணன் ராமரின் மனைவி இசக்கிசெல்வி வருடாவருடம் மட்டாஞ்சேரித் தமிழர்களின் காளியம்மன் கோயில் கொடைவிழாவில் மத்தியானப் பூஜைக்குப் பாடுகிறவள். அந்த வருடம் தொண்டையில் தைராய்டு கட்டி. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், மூன்று மாதம் வாய் திறந்து பாடக்கூடாது, பிறகும் மேல் ஸ்தாயிக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். கொடைக்கு இரண்டு வாரமே இருந்தது. அவள் பாடாமல் பூஜை நடந்ததே இல்லை. அதனால் கொடையில் டேப்பைப் போடுவதற்காகத் திங்கள் காலை பத்து மணிக்குப் பின்னறையில் பதிவு. தாழ்ப்பாள் போட்ட பிறகு ராமர் செருமிக்கொண்டு, ஒரு பாதுகாப்புக்குப் போனிலும் எடுக்கலாமே என்றார்.

"போனை வெளிய கொண்டுபோய் வையிண்ணே," என்றாள் சங்கரி. "என் மெஷின்ல விழாதது எதுலயும் விழாது."

"கேட்டீங்களா, உங்க தங்கச்சி பேச்சை," என்று இசக்கிசெல்வி சிரித்தாள். பிறகு ஏழு நிமிடம் பாடினாள். மாலையே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

செவ்வாய் மதியம் சங்கரி டேப்பை ஓட்டினாள். தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ முனகுவதுபோல் இருந்தது. நாடாவில் ஒரு அரை முறுக்கு விழுந்து, ஓசை பதியும் பூச்சுப் பக்கம் ஹெட்டைத் தொடாமல் வெளியே பார்க்க ஓடியிருந்தது. மைக் செட் கடையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யும் தப்பு. ஆபரேஷன் அதற்குள் முடிந்திருந்தது. போனில் அண்ணனிடம் சொன்னாள். "போன் சட்டைப் பையிலதான் இருந்துச்சு, நீ சொன்னியேன்னு எடுக்கல," என்றார் அவர்.

எதிரொலி பாட்டுக்குச் சேர்மானமாகத்தான் அதுவரை இருந்தது. இனி அதுவே பாட்டு. வியாழன் காலை சங்கரி நாடாவின் நுனியை நகத்தால் சுரண்டி, பூச்சுப் பக்கம் எது என்று மூன்று முறை பார்த்தாள். மெல்லிய ஓசை, தெருச் சத்தம் விழுந்தால் போயிற்று. பக்கத்து இஞ்சிக் கிடங்கில் மூட்டை தூக்கும் தங்கதுரை தன் ஆட்களை அரைமணி முன்னதாகவே சாயாவுக்கு அழைத்துப் போனான். சந்தில் திரியும் ஆடுகளைச் சிஜு பலாவிலையைக் காட்டிப் படகுத்துறைவரை நடத்திப் போனான். பத்து மணி பதினொரு நிமிடத்துக்குத் தாழ்ப்பாள் சத்தம் வந்தது. அண்ணனின் செருமலும் பேச்சும் வந்தன. அதற்குப் பின்னால் தன் குரலையே சங்கரி கேட்டாள், ஒரு சொல் குறையாமல். கதவுக்கு வெளியே ஹெட்போனோடு நின்றிருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மதினியின் சிரிப்பும், முழுதாக ஏழு நிமிடப் பாட்டும் வந்து, நாடாவில் பதிந்தன.

சங்கரி டேப்பிலிருந்து தன் பேச்சை வெட்டிவிடலாம் என்று கத்தரியை எடுத்த அன்று, கழுத்தில் கட்டோடு வந்திருந்த இசக்கிசெல்வி அவள் கையைப் பிடித்தாள். பேசக் கூடாததால் மருந்துச் சீட்டின் பின்புறத்தில், கொச்சியில் படித்தவள் என்பதால் மலையாள எழுத்தில் தமிழை எழுதிக் காட்டினாள்: "வெட்டாதே ஏட்டி. அதுவும் கிடக்கட்டும். உனக்கு நல்லது."

கொடை அன்று மத்தியானம் ஸ்பீக்கரில் முதலில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது, பிறகு ராமரின் செருமலும் பேச்சும், பிறகு, போனை வெளிய கொண்டுபோய் வையிண்ணே என்ற குரல். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் போனைப் பையில் போட்டுக்கொண்டு கைகூப்பினார்கள். ராமர் மட்டும் தன்னுடையதைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

மூன்று மாதத்தில் இசக்கிசெல்வியின் குரல் திரும்பியது, மேல் ஸ்தாயியும் சேர்ந்து. இப்போது வருடாவருடம் அவளே பாடுகிறாள். ஆனாலும் கொடைக் கமிட்டி அந்த டேப்பின் முதல் பகுதியைப் போடாமல் இருப்பதில்லை. சங்கரியின் அதட்டல் முடிந்து, போன்கள் எல்லாம் உள்ளே போன பிறகுதான் இசக்கிசெல்வி மைக்கைக் கையில் வாங்குகிறாள்.