மூன்றாம் குழாயின் மூட்டைகள்

அரியலூருக்கு வெளியே இருந்த அந்த சிமெண்ட் ஆலையில் அம்சவள்ளி பதினான்கு வருஷமாக வேலை பார்த்தாள். முதல் ஐந்து வருஷம் பேக்கிங் பகுதியில், சிந்திய சிமெண்டைக் கூட்டி அள்ளும் ஒப்பந்தக் கூலி. தபாலில் படித்து பி.எஸ்ஸி. முடித்த பிறகுதான் லேபுக்குள் ஒரு நாற்காலி கிடைத்தது. அதற்கப்புறம் தரம் சம்பந்தமாக எது வந்தாலும் மேனேஜர் இராமலிங்கம் சார், "அம்சவள்ளியைக் கேளுங்க" என்றுதான் சொல்வார்.

2004 ஜனவரியில் பெனாசிர் வந்தாள். லெப்பைக்குடிக்காட்டுப் பெண், இருபத்து மூன்று வயது, புள்ளியியலில் எம்.எஸ்ஸி. அவள் அத்தா சவூதியில் கடை வைத்திருந்தார். வந்த முதல் நாளே அவளுக்கு சாருடைய அறைக்குப் பக்கத்தில் மேஜை போட்டார்கள். சார் இப்போது, "பெனாசிரைக் கூப்பிடுங்க" என்றார். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அம்சவள்ளி செய்துகொண்டிருந்த வேலையில் ஒரு தப்பு விழுந்தது.

மார்ச் மாதம் பூலாம்பாடியில் ஒரு கடைக்காரர், ஐம்பது கிலோ மூட்டைகள் எடை குறைவாக வருகின்றன என்று புகார் எழுதினார். பெனாசிர் முப்பத்தாறு மூட்டைகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து, சாக்கு எடையைக் கழித்து, நிறுத்துப் பார்த்தாள். சராசரி நாற்பத்தொன்பது கிலோ எண்ணூற்று இருபது கிராம்.

"ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல மூட்டை போவுது. முப்பத்தாறை நிறுத்துட்டு எப்படிச் சொல்லுவே?" என்று சார் முன்னாலேயே கேட்டாள் அம்சவள்ளி.

"வேற முப்பத்தாறு எடுத்தா சராசரி கொஞ்சம் மாறும்க்கா. ஆனா எவ்வளவு மாறும்னு கணக்கு இருக்கு" என்றாள் பெனாசிர். "மூட்டைக்கு மூட்டை எடை எவ்வளவு ஆடுதுன்னு பாத்து, அதை ஆறால வகுத்தேன். முப்பத்தாறோட வர்க்கமூலம் ஆறு. அதை வச்சுப் பாத்தா நிஜமான சராசரி நாப்பத்தொம்பது எழுநூத்தி இருபதுலேருந்து தொள்ளாயிரத்தி இருபதுக்குள்ள இருக்கணும். இப்படி நூறு தடவை முப்பத்தாறு மூட்டை எடுத்து, கீழெல்லை மேலெல்லை வச்சு வீச்சு போட்டா, தொண்ணூத்தஞ்சு தடவை நிஜ சராசரி அந்தந்த வீச்சுக்குள்ள விழுந்துடும். இதுல ஐம்பது உள்ளயே வரல."

சார் அவளைப் பார்த்த பார்வை அம்சவள்ளிக்குத் தெரிந்த பார்வை. ஒரு காலத்தில் அது அவளுக்கு உரியதாக இருந்தது.

"எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுவோம்" என்றார் சார். "அம்சவள்ளி, இந்தத் தடவை நீங்க எடுத்துட்டு வாங்க."

பேக்கிங் இயந்திரத்தில் சிமெண்ட் நிரப்பும் குழாய்கள் எட்டு. எந்தக் குழாய் ஒழுங்கு, எந்தக் குழாய் ஏமாற்றும் என்பது அவளுக்கு அத்துப்படி. அந்த மெஷினை ஓட்டிய தங்கராசுவிடம், "மூணாம் நம்பர்ல வர்றதை மட்டும் தனியா எடுத்து வைங்க" என்றாள். அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு எடுத்து வைத்தார்.

சராசரி ஐம்பது கிலோ இருபது கிராம் வந்தது. கணக்குப் போட்டதில், ஐம்பது வீச்சுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. சார் தாளை மேஜையில் வைத்துவிட்டு, "அனுபவம்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார் பெனாசிரிடம். அன்று மத்தியானம் அம்சவள்ளிக்குச் சோறு ருசித்தது.

மறுநாள் காலையில் பெனாசிர் அந்தத் தாளோடு அவளிடம் வந்தாள்.

"அக்கா, என் வீச்சு இருநூறு கிராம் அகலம். இது அறுபதுதான். ரெண்டுமே முப்பத்தாறு மூட்டை. எட்டுக் குழாயிலேருந்தும் எடுத்திருந்தா இவ்வளவு சுருங்காது. எல்லாம் ஒரே குழாய்ல வந்ததா?"

"எல்லாத்துலேருந்தும்தான் எடுத்தேன்."

பெனாசிர் அவள் முகத்தைப் பார்த்தாள். "சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் அவள் பேக்கிங் பகுதியிலேயே நின்றாள். ஒவ்வொரு குழாய்க்கும் இருபது மூட்டை. முக்காடு முழுக்கச் சிமெண்ட் பூத்திருந்தது. அந்தத் தூசியாவது தனக்கு மட்டும் உரியது என்று அம்சவள்ளி நினைத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான் ஒண்ணும் சொல்லல" என்றார் தங்கராசு அம்சவள்ளியிடம். "ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

அவள் லேபைப் பார்த்து நடந்தாள்.

ஐந்தாம் குழாயும் ஏழாம் குழாயும் மூட்டைக்கு எழுநூறு கிராம் குறைவாக நிரப்பின. மற்ற ஆறும் சரி. பெனாசிர் எழுதிய அறிக்கை டைப் ஆகி, சார் கையெழுத்துக்குப் போகுமுன் அம்சவள்ளி மேஜை வழியாக வந்தது. இரண்டாவது தடவை எடுத்த மூட்டைகளைப் பற்றி ஒரு வரி இருந்தது: 'மூட்டைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை நான் எழுதிக் கொடுக்காததால் பிழை நேர்ந்தது. பொறுப்பு என்னுடையது.'

அம்சவள்ளி அதை மூன்று தடவை படித்தாள். நன்றி வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. கணக்கில் ஜெயித்தது போதாதென்று இதிலும் இவளே பெரியவளாக இருக்க வேண்டுமா? பெருந்தன்மைக்கும் இவளுக்கு ஒரு மேஜை போட்டுத் தரணுமா?

தாளை எடுத்துக்கொண்டு நேராக சார் அறைக்குப் போனாள்.

"இந்த வரி பொய் சார். மூணாம் குழாய்ல வந்ததை மட்டும் நான்தான் வேணும்னு எடுத்தேன்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கும்மா?"

"இந்தப் பொண்ணு சொன்னது தப்பா போவணும்னு."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பெனாசிரைக் கூப்பிட்டு அந்த வரியை நீக்கச் சொன்னார். அம்சவள்ளிக்கு மெமோ வந்தது. சோதனைக்கு மூட்டை எடுக்கும் வேலை ஆறு மாதத்துக்கு இல்லை. இரண்டு குழாய்களையும் சரிசெய்தார்கள். பூலாம்பாடிக்கு, எடை குறைந்த மூட்டைகளுக்குப் பதிலாக வேறு மூட்டைகள் போயின.

"ஏங்கக்கா சொன்னீங்க? நான்தான் விட்டுட்டேனே" என்று கேட்டாள் பெனாசிர்.

"உன் தயவு எனக்கு வேணாம்."

பெனாசிர் முகம் சிவந்தது. முதல் தடவையாக அவளும் கோபப்பட்டாள். "தயவு இல்ல. உங்களோட சண்டை போட்டுட்டு இங்க நான் எப்படி வேலை பாக்கறது? பயந்துதான் எழுதுனேன்."

தன்னைப் பார்த்து இவள் பயந்தாள் என்பது அம்சவள்ளிக்குப் புதிது. அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. அதற்காக வெட்கப்பட்டாள்.

அடுத்த வருஷம் பெனாசிரை ஆபீசர் ஆக்கினார்கள். இனிப்பு கொடுத்த அன்று அம்சவள்ளி லீவு போட்டாள். வீட்டில் துணி துவைத்தாள், துவைத்ததையே மறுபடி அலசினாள். மறுநாள் லேபுக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் பெனாசிரின் மேஜைக்கு எதிரே போட்டாள்.

"அந்த வர்க்கமூலத்தால ஏன் வகுக்கணும்? வகுத்தேன்னு மட்டும்தான் அன்னிக்குச் சொன்னே. ஏன்னு சொல்லல."

பெனாசிர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். அம்சவள்ளி பேனாவை அவளிடம் கொடுக்கவில்லை. "நீ சொல்லு. நானே எழுதிக்கிறேன்" என்றாள்.